உள்ளூர்ப் பாடலை எங்கே தேடுவது, எப்படி வாங்குவது?

இசை என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திரைப்படப் பாடல்தான். இதில் குற்றம் ஒன்றுமில்லை. நானும் இளையராஜா, ரஹ்மான் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் படம், இயக்குநர், பெரிய நிறுவனம் என்று எந்தத் துணையும் இல்லாமல், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கைக்காசைப் போட்டுப் பாடல் வெளியிடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பாடலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் எங்கே போவது? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேட எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அவ்வாறு தேடியதில் கற்றுக்கொண்டவற்றை வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாமா கேட்ட கேள்வி

2020ஆம் ஆண்டு நான் படிவம் 5 மாணவி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளி மூடிக்கிடந்த காலம். யூடியூப்பில் உள்ள பாடலை எம்பி3 கோப்பாக மாற்றித் தரும் ஒரு தளத்தைத் தோழி ஒருத்தி காட்டிக் கொடுத்திருந்தாள். உள்ளூர்க் கலைஞர் ஒருவரின் முழு ஆல்பத்தையும் அதன்வழி இறக்கி வைத்திருந்தேன். கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்ததும் பக்கத்துத் தாமானில் இருக்கும் என் தாய்மாமாவிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். "ரெண்டே நிமிஷம் மாமா" என்றேன். அவர் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தரும்போது, "சரிம்மா, பாடுனவனுக்கு என்ன கெடச்சிச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் 'வல்லவன்' ஆல்பம் வெளிவந்து நாடே அதைப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டர்வொர்த்தில் தெருவுக்கொரு இசைக்குழு முளைத்ததாம். அவற்றுள் ஒன்று மாமாவுடையது. 2007இல் நண்பர் ஒருவர் வீட்டு அறையில் ஆறு பாடல்களைப் பதிவு செய்து, 500 குறுவட்டுகள் அடித்தார்கள். சிடிகளை அட்டைப்பெட்டியில் போட்டுப் பழைய பெர்ரியில் தீவுக்குக் கொண்டு வந்து, லிட்டல் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் இருந்த கடைகளில் கொடுத்துவிட்டுப் போவாராம். ஒரு சிடி கடைக்கு 10 வெள்ளி. வாங்குபவருக்கு 15 வெள்ளி. விற்றால்தான் காசு. ஒரு கடை கடைசிவரை கணக்கே முடிக்கவில்லை. அதைச் சொல்லும்போது மாமா இன்றும் சிரிக்கத்தான் செய்கிறார்.

ஏறக்குறைய 300 சிடிகள் போயின. மீதி வீட்டிலேயே கிடந்தது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிப் பினாங்கையும் செபெராங் பிறையையும் மூழ்கடித்த வெள்ளத்தில், அந்தப் பெட்டிகளும் மூலப்பதிவு இருந்த வன்தட்டும் சேற்றுக்குள் போய்விட்டன. "மைஸ்பேஸ்ல இருக்குல்ல" என்று மாமா அப்போது கவலைப்படவில்லை. 2000களில் குழு வைத்திருந்த எல்லாரும் பாடலை ஏற்றி வைத்த தளம் அது. ஆனால் 2019 மார்ச் மாதம் அந்தத் தளம் ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது. சேவையகங்களை மாற்றியபோது 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் அழிந்துபோயின என்பதே அச்செய்தி. 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று கணக்குச் சொன்னார்கள். சில வாரங்களுக்குப் பிறகு இணைய ஆவணக் காப்பகம் அவற்றுள் ஏறத்தாழ 4 லட்சத்து 90 ஆயிரம் பாடல்களை மட்டும் மீட்டு வெளியிட்டது. நான் பின்னாளில் அதிலும் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். மாமாவின் பாடல் இல்லை.

எஞ்சியது ஒரே ஒரு சிடி. அம்மாவின் பழைய காரில், கையுறைப் பெட்டிக்குள், உறை இல்லாமல் கிடந்தது.

எதைத் தேடுகிறோம்?

வாங்கும் வழிகளைச் சொல்வதற்கு முன், எந்த வகைப் பாடலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆங்கிலத்தில் 'இண்டி' என்பது சுயேச்சையாக இயங்குவதைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். தமிழில் 'சுயாதீன இசை' என்கிறார்கள். நம் நாட்டில் பேச்சு வழக்கில் 'லோக்கல் பாட்டு' என்றாலே போதும். 'இண்டி பாப்' என்ற பெயர் பிரிட்டனில் 1980களில் பரவியது. 1986இல் அங்குள்ள ஓர் இசை வார இதழ் 'சி86' என்ற பெயரில் 22 பாடல்கள் கொண்ட ஒலிநாடாவை வெளியிட்டது. அஞ்சலில் எழுதிப் போட்டு வாங்க வேண்டிய நாடா அது. மறு ஆண்டு பிரிஸ்டல் நகரில் இரண்டு இளையோர் தொடங்கிய 'சாரா ரெக்கார்ட்ஸ்' என்ற சின்னஞ்சிறு நிறுவனம் 1995 வரை நடந்தது. கேட்பவர் எழுதுவார், பாடுபவர் தரப்பு உறையில் போட்டு அனுப்பும். இடையில் ஆள் குறைவு. இந்த நேரடி உறவைத்தான் நான் இக்கட்டுரையில் சுயாதீன இசையின் அடையாளமாகக் கொள்கிறேன். கிதார் இருக்கிறதா, ராப் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

தமிழுக்கு இது புதிதன்று. 1960களின் இறுதியிலும் 1970களிலும் இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் 'பொப்பிசை' பாடினார்கள். திரைப்படத்தின் தயவு இல்லாமலேயே அப்பாடல்கள் கடல் கடந்தன. நம் பினாங்கு மண்ணின் ஆறுமுகம் சகோதரர்களான லோகநாதனும் டேவிட்டும் 'அலிகேட்ஸ்' குழுவின்வழி நாடறிந்த பாடகர்களானார்கள். ஆனால் அவர்கள் புகழ் பெற்றது மலாய்ப் பாடல்களால். 1998இல் 'பொயட்டிக் அம்மோ' குழு ஆங்கிலத்தோடு மலாய், தமிழ், சீனம் கலந்து ஆல்பம் செய்தது. அதில் இருந்த யோகி பிதான் எட்டு ஆண்டு கழித்து 'வல்லவன்' கொண்டு வந்தார். தமிழகத்தின் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் 2012இல்தான் வந்தது என்பதை நம் மாணவர்கள் மறக்கக் கூடாது. பிறகு 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்' என்று கோடம்பாக்கமே யோகி பியைத் தேடியது. நம் கலைஞரைச் சினிமா அழைத்துக்கொண்ட பிறகுதான் நாம் அவரை மதிக்கிறோமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

பினாங்கின் 1930கள் முதல் 1960கள் வரையிலான மக்கள் இசையைப் பற்றி பால் அகஸ்டின், ஜேம்ஸ் லொக்ஹெட் இருவரும் 2015இல் கனமான ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார்கள். 2000களில் வந்த உள்ளூர்த் தமிழ் ஆல்பங்களுக்கும் அப்படி ஒரு பதிவு தேவை. யாராவது பட்டப்படிப்பு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கேட்பது வேறு, வாங்குவது வேறு

இன்று நம்மில் பெரும்பாலோர் ஸ்போட்டிஃபையிலோ யூடியூப்பிலோ கேட்கிறோம். ஸ்போட்டிஃபை நம் நாட்டுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. மாதச் சந்தா கட்டுகிறோம், ஆகவே கலைஞருக்குப் பணம் போகிறது என்று நானும் நம்பியிருந்தேன். அது எப்படிப் போகிறது என்று படித்துப் பார்த்தால்தான் விவரம் புரிகிறது. நாம் கட்டும் பணம் நாம் கேட்ட பாடகருக்கு நேராகப் போவதில்லை. எல்லாருடைய பணமும் ஒரே தொகையாகச் சேர்ந்து, மொத்தமாக ஒலித்த எண்ணிக்கையின் விகிதப்படி பிரிகிறது. ஆகவே, நான் மாதம் முழுவதும் உள்ளூர்ப் பாடல் மட்டுமே கேட்டாலும், என் சந்தாவின் பெரும்பகுதி நான் ஒருமுறைகூடக் கேட்காத பெரிய நட்சத்திரங்களைப் போய்ச் சேரும். போதாக்குறைக்கு, 2024 முதல் 12 மாதத்தில் 1,000 முறையாவது ஒலிக்காத பாடலுக்குப் பதிவு உரிமைத்தொகையே கிடையாது என்று விதி வகுத்துவிட்டார்கள். மாமாவின் பாடலை எங்கள் உறவினர் அனைவரும் சேர்ந்து கேட்டாலும் ஆண்டுக்கு 1,000 தேறுமா என்பது சந்தேகம்தான்.

புகழ் பெற்ற பாடல்களுக்கும் பிரச்சினை இல்லாமல் இல்லை. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலை அறியாதவர் இருக்க முடியாது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், சுயாதீனக் கலைஞர்களுக்கான புதிய தளம் என்ற அறிவிப்போடு மாஜ்ஜா நிறுவனம் அதை வெளியிட்டது. பல கோடி முறை பார்க்கப்பட்ட அப்பாடலிலிருந்து தமக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. பார்வை எண்ணிக்கையும் பாடியவர் கைக்கு வரும் பணமும் ஒன்றல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

வாங்குவது என்றால், பணம் கொடுத்து, நம் கணினியில் நாமே வைத்துக்கொள்ளக்கூடிய கோப்பைப் பெறுவது. சந்தா நின்றாலும், தளம் மூடினாலும், அது நம்மிடம் இருக்கும். தளங்கள் மூடத்தான் செய்கின்றன. சுயாதீனக் கலைஞர்களின் வட்டுகளை விற்பதற்காகவே 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சிடி பேபி' தன் கடையை 2020 மார்ச்சோடு மூடி, விநியோகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அதே ஆண்டில் கூகுள் பிளே மியூசிக்கும் முடிவுக்கு வந்தது. அங்கே பாடல் வாங்கியவர்கள் 2021 பிப்ரவரிக்குள் அவற்றை இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. எனவே, எங்கே வாங்கினாலும் வாங்கிய அன்றே இறக்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறொருவர் வீட்டில். வெள்ளம் வந்த ஊர்க்காரி சொல்கிறேன்.

இப்போதைக்கு உள்ள கடைகள்

நான் முதலில் பரிந்துரைப்பது 'பேண்ட்கேம்ப்'. 2008இல் தொடங்கிய இத்தளத்தில் கலைஞரே தம் பக்கத்தைத் திறந்து, விலையையும் தாமே வைக்கிறார். பாடலை முதலில் இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். பிடித்திருந்தால் வாங்கி, எம்பி3 வடிவத்திலோ ஃபிளாக் வடிவத்திலோ இறக்கிக்கொள்ளலாம். கோப்பு விற்பனையில் நிறுவனம் 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். 5,000 டாலர் விற்பனையைத் தாண்டிய கலைஞரிடம் 10 விழுக்காடுதான். பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணமும் போக, 10 டாலர் ஆல்பத்தில் ஏறக்குறைய 8 டாலர் கலைஞர் கைக்கு வரும். குறித்த விலைக்கு மேல் கொடுக்கவும் இடம் உண்டு. 2020 மார்ச் 20ஆம் தேதி, கோவிட் நெருக்கடியில், ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் தன் பங்கை அந்நிறுவனம் விட்டுக்கொடுத்தது. பின்னர் ஆண்டில் சில வெள்ளிக்கிழமைகளில் அதே போலச் செய்து வருகிறது. அந்நாள்களுக்காகக் காத்திருந்து வாங்குவது என் வழக்கம்.

குறை இல்லையா என்றால், உண்டு. 2022இல் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் அதை வாங்கியது. 2023இல் சாங்டிரேடர் நிறுவனத்திற்குக் கைமாறியது. அத்தோடு ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேலை இழந்தார்கள். சிறியவர்களின் கடை என்றாலும் அதன் சாவி பெரியவர்களிடம்தான் இருக்கிறது. நமக்கு இன்னொரு தொல்லை, விலை பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும். அட்டையோ பேபாலோ வேண்டும். மாணவர்களிடம் இருக்கும் டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொள்முதல் அடைபட்டிருக்கலாம். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட வேண்டும். இது தெரியாமல் மூன்று முறை தோற்று, தளத்தின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது 'ஐதியூன்ஸ் ஸ்டோர்'. மலேசியாவுக்கு 2012 ஜூன் 27ஆம் தேதி வந்தது. ஆப்பிள் மியூசிக் சந்தாவும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அது வாடகை, இது கொள்முதல். சந்தாவில் இறக்கிய பாடல், சந்தா நின்றதும் போய்விடும். ஸ்டோரில் வாங்கிய பாடலுக்குப் பூட்டு கிடையாது, மற்ற கருவிகளிலும் ஒலிக்கும். விண்டோஸ் கணினியில் ஐதியூன்ஸ் மென்பொருளை நிறுவினால் ஆப்பிள் கைத்தொலைபேசி இல்லாதவர்களும் வாங்கலாம். கலைஞருக்குப் போகும் பங்கு பேண்ட்கேம்ப்பைவிடக் குறைவு. ஆனால், அங்கே பக்கம் திறக்காத பல தமிழ்க் கலைஞர்கள் இங்கே கிடைக்கிறார்கள். காரணம், விநியோகச் சேவைக்குப் பாடலைக் கொடுத்தாலே ஸ்போட்டிஃபைக்குப் போகும்போது இங்கும் வந்துவிடும்.

மூன்றாவது வழி மிக எளியது, யாரும் செய்யாதது. கலைஞரிடமே கேட்பது. யூடியூப் காணொளியின் கீழ் உள்ள விளக்கப் பகுதியை விரித்துப் படியுங்கள். தொடர்பு இருக்கும். இன்ஸ்டாகிராமிலோ புலனத்திலோ "உங்கள் பாடலை வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும்?" என்று எழுதுங்கள். நான் இதுவரை ஆறு பேருக்கு எழுதினேன். நால்வர் பதில் போட்டார்கள். ஒருவர் டுயிட்நவ் எண் கொடுத்து, பணம் வந்ததும் கோப்பை அனுப்பினார். இன்னொருவர் சிடி இன்னும் பத்து இருக்கிறது என்று பொஸ் லாஜுவில் அனுப்பி வைத்தார், கையெழுத்தோடு. உறையில் போட்டு அனுப்பும் அந்தப் பழைய முறை நம் ஊரிலும் உயிரோடுதான் இருக்கிறது.

எங்கே வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆல்பம் பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் 'பி' என்னும் ஆங்கில எழுத்து இருக்கும். அதை அடுத்து வரும் பெயரே அந்த ஒலிப்பதிவின் உரிமையாளர். 'இண்டி' என்று விளம்பரப்படுத்தப்படும் பாடலுக்கு அவ்விடத்தில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருப்பதும் உண்டு. பாடல் அதனால் கெட்டுப்போவதில்லை. நம் காசு யாரிடம் போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கலாம், அவ்வளவுதான்.

ழகரம் தந்த தலைவலி

மொழிக் கழக இதழில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இணையத்தில் தமிழ்ப் பாடலை வாங்குவதைவிடக் கண்டுபிடிப்பது கடினம். காரணம், தமிழ்ப் பாடல்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் பதியப்படுகின்றன. அதற்கு ஒரே முறை கிடையாது.

மாமாவின் பாடல்களுள் ஒன்றின் பெயர் 'மழைப்பொழுது'. ழகரத்தைத் தமிழகத்தில் 'இசட்', 'எச்' என்ற ஈரெழுத்தால் எழுதுவார்கள். நாமோ நம் அடையாள அட்டைப் பெயர்களில் எழுதுவது போல் 'எல்' போட்டுவிடுவோம். ஐகாரத்திற்கு 'ஏ', 'ஐ' என்று போடுவாரும் உண்டு, 'இ', 'ஐ' என்று போடுவாரும் உண்டு. கடைசியில் வரும் 'து'வை மூன்று விதமாக எழுதலாம். இரண்டை இரண்டால் பெருக்கி மூன்றால் பெருக்கினால் ஒரே தலைப்புக்குப் பன்னிரண்டு வேடம். இன்னும் பகர ஒற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓர் எழுத்து மாறினாலும் தேடுபொறி நம்மைக் கைவிடலாம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். தமிழில் தட்டச்சு செய்தால் கிடைத்துவிடும் என்று வெகுளியாக நம்பினேன். தமிழில் தேடியபோது வந்தவை எல்லாம் திரைப்படப் பாடல்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த உபாயம், பாடலின் பெயரை விட்டுவிட்டுக் கலைஞரின் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடுவது. கலைஞர்கள் தம் பெயரை ஒரே எழுத்துமுறையில்தான் எழுதுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால், பேண்ட்கேம்ப்பில் 'தமிழ்' என்ற அடைச்சொல்லை ஆங்கிலத்தில் இட்டு, 'மலேசியா', 'சென்னை', 'டொராண்டோ' என்று ஊர்ப் பெயரால் வடிகட்டலாம். மின்னல் எஃப்எம், ராகா வானொலிகளில் உள்ளூர்ப் பாடல் ஒலிக்கும்போது அறிவிப்பாளர் பெயரைச் சொல்வார். உடனே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் மறந்துவிடும்.

பாடல் வெளியிடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பை ஆங்கில எழுத்தில் இட்டாலும், விளக்கப் பகுதியில் தமிழ் எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள். பாடலாசிரியர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பாடகர் பெயரைத் தேடினால் கிடைக்கிறது, எழுதியவர் பெயர் எங்குமே இல்லை. தமிழ்ப் பாடலில் தமிழ் எழுதியவரையே காணவில்லை என்றால் எப்படி?

ஒரு சிடியிலிருந்து ஐந்து பாடல்கள்

மாமாவின் கேள்விக்கு விடையாக, அவருடைய ஆல்பத்தையே நான் வாங்கக்கூடிய பொருளாக மாற்றிவிட வேண்டும் என்று பல்கலைக்கழக முதலாம் ஆண்டு விடுமுறையில் முடிவெடுத்தேன். "விடும்மா, யாரு கேக்கப் போறா" என்றார். விடவில்லை.

முதல் தடை, என் மடிக்கணினியில் சிடி போடும் இடமே இல்லை. ஷாப்பியில் வெளியிணைப்புக் கருவி ஒன்று வாங்கினேன். வட்டில் கீறல். இத்தகைய வட்டுகளைப் படிப்பதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. தடுமாறும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்றாவது பாடல் ஒன்றுக்கே இரண்டு மணி நேரம் ஓடியது. சிடியிலிருந்து எடுக்கும்போது எம்பி3ஆக எடுக்காதீர்கள். ஒரு நிமிடப் பாடல் முழுத் தரத்தில் ஏறக்குறைய 10 மெகாபைட் பிடிக்கும். ஃபிளாக் வடிவில் சேமித்தால், தரம் குறையாமல் அதில் பாதிக்கும் சற்று மேலான இடத்தில் அடங்கும். விற்பனைத் தளங்கள் கேட்பதும் இந்த முழுத் தரத்தைத்தான்.

இரண்டாவது, உரிமை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனிப் படைப்புகள். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 2007இல் வெளிவந்த ஆல்பத்திற்கு 2057 முடியும் வரை. பதிவு மாமாவின் குழுவுடையது, அதில் சிக்கலில்லை. ஆனால் நான்காவது பாடல் ஒரு பழைய திரைப்பாடலின் மெட்டை எடுத்துச் செய்த ரீமிக்ஸ். அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம் என்றார் மாமா. அனுமதி இல்லாததை விற்க முடியாது. அதை ஒதுக்கி வைத்தோம். மிஞ்சிய ஐந்தில் இரண்டுக்கு வரிகள் எழுதியவர், இப்போது சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய நண்பர். பதினைந்து ஆண்டாக இருவருக்கும் பேச்சே இல்லை. என்ன மனத்தாங்கல் என்று நான் கேட்கவில்லை. எண்ணைத் தேடிப் பிடித்து நான்தான் புலனத்தில் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல்பதிவு ஒன்று வந்தது. அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'மழைப்பொழுது' பாடலின் இரண்டாம் சரணத்தை அப்படியே பாடி அனுப்பியிருந்தார். மாமா அதைக் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். மறுவாரம் அந்த நண்பர் கையொப்பமிட்ட கடிதம் வந்தது. வருமானத்தில் பங்கு எவ்வளவு என்பதை அவர்களே பேசிக்கொண்டார்கள்.

ஏற்றும் வேலை இவற்றைப் போல அத்தனை கடினமில்லை. பேண்ட்கேம்ப்பில் பக்கம் திறக்கக் கட்டணமில்லை. பணம் பெறப் பேபால் கணக்கு வேண்டும். மாமாவுக்கு அதைத் திறக்கத்தான் ஒரு மாலைப்பொழுது போனது. ஸ்போட்டிஃபை, ஐதியூன்ஸ் கடைகளுக்குப் போக விநியோகச் சேவை ஒன்று தேவை. டிஸ்ட்ரோகிட் போன்றவற்றில் ஆண்டுச் சந்தா. கட்டுவதை நிறுத்தினால் பாடல் கடைகளிலிருந்து இறங்கிவிடக்கூடும். சிடி பேபியில் ஆல்பத்திற்கு ஒருமுறை கட்டினால் போதும், வருமானத்தில் 9 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுதோறும் நினைவு வைத்துக் கட்டுவதற்கு மாமா சரிப்பட மாட்டார் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தோம்.

தேசிய நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூலகப் பொருள் ஒப்படைப்புக்கென 1986இல் இயற்றப்பட்ட சட்டம் அச்சு நூல்களோடு ஒலிப்பதிவுகளுக்கும் பொருந்தும். 2007இல் மாமாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெள்ளம் வந்தபோது கோலாலம்பூரில் ஒரு படி பத்திரமாக இருந்திருக்கும். சிடி அடிக்கும் நண்பர்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

பக்கம் திறந்த அன்று முதல் ஆல்பத்தை நான்தான் வாங்கினேன். 5 டாலர். வங்கிச் செயலியைத் திறந்து வைத்திருந்ததால் இம்முறை அட்டை தோற்கவில்லை. இரண்டாவது கொள்முதல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. 20 டாலர் கொடுத்திருந்தார். மூன்றாவது யாரென்று எங்களுக்குத் தெரியாது. மாமா அந்த அறிவிப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவர், "ஏம்மா, 'மழை பொழுது'ன்னு போட்டிருக்க. 'ப்' எங்க? தமிழ்க் கழகத்துல நீங்கெல்லாம் என்னதான் பண்றீங்க?" என்றார்.

அன்றிரவே திருத்திவிட்டேன்.